நம் மன்றத்து மாடிப்படியும் பெரியவர்களின் முழங்காலும்

(பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)





'வணிகத்தில் இளைஞர்கள்' என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்றுதான் செயலாளர் மாமா எங்களிடம் சொன்னார்கள். மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டோம். 'நாங்கள்' என்று பேசுவது பெருமைக்காக அல்ல. ஹார்ட்வேர் கடையை அண்ணன் தம்பி இருவருமாக நடத்துகிறோம். இன்று சொல்லப்போகும் அளவுகளையும் டேப்பின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை ஒருவரும் பிடித்துத்தான் எடுத்தோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கில் வாங்கிய கட்டடப் பொறியியல் டிப்ளோமா ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் மறந்திருந்தோம் என்பதுதான் இந்தப் பேச்சுக்கே காரணம்.

இன்று இந்தக் குடும்ப தினத்தைப் பள்ளி மண்டபத்தில், கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறோம். எத்தனை பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், பாருங்கள்! முன்வரிசையில் இருக்கும் நன்னிமார்களைச் சங்கத்தின் மன்றத்தில் பார்த்து நான்கைந்து வருடம் ஆகிறது. "வயசாகிவிட்டது, ஆர்வம் குறைந்துவிட்டது" என்று நாமே சொல்லிக்கொண்டோம். ஆர்வம் குறையவில்லை. மன்றம் மாடியில் இருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

ஐம்பது வருடத்துக்கு முன் அந்தக் கடைவீட்டை வாங்கியவர்கள் யார் என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றி மளிகைக் கடையும் துணிக்கடையும் வைத்திருந்தவர்கள். ஊரிலிருந்து இளவயதில் தனி ஆளாக வந்தவர்கள். கீழே கடை, மேலே படுக்கை. சைக்கிளில் லயம் லயமாகச் சாமான் போட்டுவிட்டு, இரவு கணக்கு முடித்து மேலே ஏறிப் பாய் விரித்தவர்கள். அந்தக் காலத்துக் கடைவீட்டு மாடிப்படி ஏணிக்குத் தம்பி மாதிரி இருக்கும். அத்தா சொல்வார்கள், அரிசி மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏறுவார்களாம்.

படி ஏன் அப்படிச் செங்குத்தாக இருந்தது? வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மாடிப்படி தரையில் எவ்வளவு நீளம் பிடிக்கிறதோ அவ்வளவு இடம் கடைக்கு நட்டம். படியைக் குறைத்து ஒவ்வொன்றையும் உயரமாக வைத்தால் மாடிப்படி குட்டையாகும், ஓர் அலமாரி கூடுதலாக வைக்கலாம். அந்த அலமாரிக்கு உரிய விலையைப் பணமாகக் கொடுக்கவில்லை, முழங்காலாகக் கொடுத்தார்கள். இருபது வயதில் அது தெரியாது. எழுபதில்தான் பில் வந்து சேருகிறது.

நம் மன்றத்துப் படியை அளந்த கணக்கைச் சொல்கிறோம். அஞ்சடியிலிருந்து மாடித் தரை வரை 390 சென்டிமீட்டர் உயரம். மொத்தம் 19 ஏற்றம், நடுவில் நின்று மூச்சு வாங்க ஓர் இடம்கூட இல்லை. மிதிக்கும் பலகையின் அகலம் 23 சென்டிமீட்டர். பெரும்பாலான படிகளின் உயரம் 20.5 சென்டிமீட்டர், அதாவது எட்டு அங்குலத்துக்கு மேல். மலேசியாவில் கட்டடங்களுக்கான சீரான துணைச் சட்டங்கள் 1984இல் வந்தன. யூபிபிஎல் என்று காண்டிராக்டர்கள் சொல்வது இதைத்தான். அதன்படி படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டும் அடி முதல் முடி வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். நம் கட்டடம் அந்தச் சட்டத்துக்கு மூத்தது. அதனால் கட்டியவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டரை சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நன்னிக்குத் தரையிலிருந்து முழங்கால் வரை 40 சென்டிமீட்டர். அளந்து பார்த்தோம். மன்றத்துப் படி அதில் சரிபாதி! ஆறடி உயரம் உள்ள தம்பிக்கு அதே படி முழங்கால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். படி ஒன்றுதான். ஏறுகிறவர்களுக்கு ஒன்றில்லை. நம் தாய்மார்களில் பெரும்பாலோர் நன்னி உயரம்தான் இருப்பார்கள்.

இனி முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் சிரமம் இல்லை. அதே பையைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தோள் கெஞ்சும். எடை கூடவில்லை, மூட்டிலிருந்து எடை இருக்கும் தூரம்தான் கூடியது. கடப்பாரை வைத்துக் கல் நெம்புகிறவர்களுக்கு இது பாடமே இல்லை. சமதளத்தில் நடக்கும்போது உடம்பைத் தாங்கும் காலின் முழங்கால் ஏறக்குறைய 20 பாகைதான் மடங்குகிறது. உடம்பின் பாரம் மூட்டுக்கு நேர் மேலே, பக்கத்திலேயே இருக்கிறது. படியில் காலைத் தூக்கி வைத்தால் அந்த முழங்கால் 60 பாகைக்கு மேல் மடங்கியிருக்கிறது. தொடை முன்னால் நீண்டு, உடம்பின் பாரம் மூட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்கிறது. அந்த நிலையிலிருந்து ஒற்றைக் காலில் முழு உடம்பையும் தூக்க வேண்டும். தூக்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது முழங்கால் சில்லின் வழியாக இழுக்கிறது. இழுக்க இழுக்க, சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. படி உயர்ந்தால் மடக்கம் கூடும், மடக்கம் கூடினால் தசை இழுக்க வேண்டிய இழுப்பும் கூடும். வயதில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. தசை மெலிகிறது, எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. தூக்கும் ஆளுக்கும் பலம் இல்லை, அச்சிலும் கிரீஸ் இல்லை என்ற கதை.

எவ்வளவு பாரம் என்று கணக்குக் கேட்பீர்கள். ஜெர்மனியில், பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் கருவியைப் பொருத்தி, ஐந்து நோயாளிகளிடம் அளந்து 2010இல் வெளியிட்டார்கள். சமதளத்தில் நடக்கையில் முழங்காலில் விழும் உச்ச பாரம், சராசரியாக உடல் எடையைப் போல் 2.6 மடங்கு. படியேறும்போது 3.16 மடங்கு. இறங்கும்போது 3.46 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நம் கடைக் கணக்கில் சொன்னால், நடக்கையில் மூன்று சிமெண்ட் மூட்டை, இறங்கும்போது நான்கு மூட்டை. ஒவ்வோர் அடிக்கும்!

ஏறுவதைவிட இறங்குவதில் பாரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். "ஏறிவிட்டால் போதும், இறங்குவது சுலபம்" என்று நாம் பெரியவர்களுக்குத் தைரியம் சொல்வது தப்பு. இறங்கும்போது மேல்படியில் நிற்கும் கால்தான் மடங்கிக்கொண்டே உடம்பை மெதுவாகக் கீழே விடுகிறது. லாரியிலிருந்து மூட்டையைப் போட்டுவிடாமல் தாங்கித் தாங்கி இறக்குவது போல. அதனால்தான் நன்னிமார்கள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குகிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். இரண்டு கையால் பிடிப்பது பாரத்தில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றுகிற வழி.

இங்கே ஒரு கேள்வி வரும். படியைத் தாழ்வாக வைத்தால் எண்ணிக்கை கூடுமே, மொத்த உழைப்பு ஒன்றுதானே? ஒன்றுதான். 390 சென்டிமீட்டர் உயரத்துக்கு உடம்பைத் தூக்க வேண்டும், அதில் தள்ளுபடி கிடையாது. ஆனால் 50 கிலோ சிமெண்ட் மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கச் சொன்னால் எழுபது வயதுக்காரர் தோற்றுவிடுவார். 25, 25 ஆகப் பிரித்துக் கொடுத்தால் உள்ளே கொண்டு வைத்துவிடுவார். மொத்தப் பாரத்தில் யாரும் விழுவதில்லை, ஒரு தடவைக்கு உள்ள பாரத்தில்தான் விழுகிறார்கள். நம் மன்றத்தில் 15 சென்டிமீட்டர் படி வைத்தால் 26 ஏற்றம் வரும். மிதி 28 சென்டிமீட்டர், பதின்மூன்றாவதில் நின்று திரும்ப ஓர் இடம். அப்படி இருந்தால் இங்கே முன்வரிசையில் இருப்பவர்களில் பலர் ஏறிவிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு. அதற்காக மிகவும் தாழ்த்தினாலும் ஆபத்துதான். விரல் நீளத்துக்குத் தரை ஏறி இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல் காலைத் தட்டிவிடும்.

பாலிடெக்னிக்கில் ஒரு வாய்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புளோன்டெல் 17ஆம் நூற்றாண்டில் சொன்னது. படி உயரத்தை இரண்டால் பெருக்கி மிதி அகலத்தைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு காலடித் தூரம் வர வேண்டும். இன்றைய அளவில் 60 முதல் 65 சென்டிமீட்டர். மன்றத்துப் படிக்குப் போட்டுப் பார்த்தோம். 41உம் 23உம் 64. பாஸ்! வாய்பாட்டில் பாஸான படியில்தான் நன்னியால் ஏற முடியவில்லை. காலடி எடுத்து வைக்கிறவருக்கு என்ன வயது என்று வாய்பாடு கேட்பதில்லை.

உயரம் மட்டுமே கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மா, அத்தா காலத்திலிருந்து நம் கடைக்கு வாடிக்கை. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது குடும்பத்தோடு வெளியேறி, மலிவு விலை அடுக்குமாடியில் ஐந்தாம் மாடிக்குப் போனார்கள். மின்தூக்கி இல்லாத கட்டடம். லயத்து வீட்டு வாசலில் மூன்று படி. இங்கே அறுபத்து நான்கு. போய் அளந்தோம். ஒவ்வொன்றும் பதினேழரை, எல்லாம் ஒரே அளவு, சட்டத்துக்குள் அடங்கிய நல்ல படி. ஆனால் முப்பது வருடம் மேட்டுக்காட்டில் காண்டா வாளி சுமந்து ஏறி இறங்கிய முழங்கால் அவர்களுடையது. இப்போது மாதம் ஒரு முறைதான் கீழே வருகிறார்கள், அதுவும் மருந்து எடுக்க. மற்ற நாளில் கயிற்றில் கூடை இறங்கும். கூடையில் சீட்டும் பணமும் இருக்கும். சாமானை வைத்தால் ஏறிவிடும். "கூடைக்கு முட்டி வலிக்காது தம்பி" என்று மேலிருந்து சத்தம் வரும். எங்களுக்குச் சிரிப்பும் வரும், ஒரு மாதிரியாகவும் இருக்கும்.

இனி எங்கள் குற்றத்துக்கு வருகிறோம். மன்றத்துப் படியில் பெரும்பாலானவை 20.5 சென்டிமீட்டர் என்று சொன்னோம். முதல் படி 17. கடைசிப் படி 24.5. ஏன் தெரியுமா? அஞ்சடித் தரையைப் புதுப்பித்தபோது அது மூன்றரை சென்டிமீட்டர் ஏறியது. அதனால் முதல் படி தாழ்ந்தது. மாடியில் பழைய தரைமேல் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியபோது நான்கு சென்டிமீட்டர் ஏறியது. அதனால் கடைசிப் படி உயர்ந்தது. அந்த டைல்ஸ் எங்கள் கடை டைல்ஸ். ஒட்டியது எங்கள் ஆட்கள். பக்கத்தில் நின்று "லெவல் பார்த்து ஒட்டுங்கள்" என்று சொன்னது நாங்கள். மாடித் தரைக்கு லெவல் பார்த்தோம். மாடிப்படியை நினைக்கவே இல்லை. விலை குறைத்துக் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் நன்றிகூட எழுதினார்கள்.

ஏறுகிறவரின் கால் மூன்று நான்கு படிக்குள் உயரத்தைப் பழகிவிடும். அதன்பின் கண் பார்க்காது, கால் தானாகவே அதே அளவு தூக்கும். பதினெட்டு படி ஒரே பழக்கத்தில் வந்த கால், பத்தொன்பதாவதில் நான்கு சென்டிமீட்டர் குறைவாகத் தூக்கினால் விரல் தட்டும். இளைஞர்கள் தடுமாறி நின்றுவிடுவோம். நம் முன்னாள் பொருளாளர் மாமா நிற்க முடியவில்லை. நோன்புக் கஞ்சிக் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறியவர்கள், மேலே கால் வைத்த இடத்திலேயே விழுந்தார்கள். மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்ந்த பிறகும் மன்றத்துக்கு வரவில்லை. "பார்வை மங்கிப்போச்சு" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்கள். பார்வை இல்லை, மாமா. எங்கள் டைல்ஸ். போன மாதம் டேப்பை வைத்துப் பார்த்த அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவர்கள் பதில் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள்.

என்ன செய்யலாம்? புதிதாக 26 படி கட்டுவது நல்ல வழி. அதற்குக் கீழ்க்கடையில் இடம் எடுக்க வேண்டும், வாடகை குறையும். அந்த வாடகையில்தான் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுக்கிறோம். நன்னியின் முழங்காலா, பேரப்பிள்ளையின் படிப்பா என்று செயலவை உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். மேடையில் நின்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. எங்கள் எண்ணத்தைக் கேட்டால், இரண்டு வருட வாடகை குறைந்தாலும் கட்டத்தான் வேண்டும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதினெட்டு மிதிகளையும் மூன்றரை சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் முதல் படி 20.5 ஆகும், நடுவில் உள்ளவை அப்படியே இருக்கும், கடைசி 21க்கு இறங்கிவிடும். படி தாழாது, ஆனால் காலை ஏமாற்றாது. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். இப்போது ஒரு பக்கம்தான் இருக்கிறது, ஏறும்போது வலக்கைக்குக் கிடைப்பது இறங்கும்போது இடக்கைக்குப் போய்விடுகிறது. மிதியின் நுனியிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டர் உயரம் என்பது சட்டத்தில் உள்ள அளவு. மேலும் கீழும் படி முடிந்த பிறகும் ஒரு சாண் நீண்டிருக்கட்டும். ஒவ்வொரு மிதி நுனியிலும் மஞ்சள் பட்டை ஒட்ட வேண்டும். சாமானும் கூலியும் எங்கள் கடைப் பொறுப்பு. இதற்கு ஆண்டறிக்கையில் நன்றி எழுத வேண்டாம்.

வீட்டுக்கு எடுத்துப்போக இரண்டு விஷயம். ஒரு முழங்கால் அதிகம் வலிக்கிறவர்கள், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் இறக்குங்கள். இரண்டிலும் தூக்குவதும் தாங்குவதும் நல்ல காலாக அமையும். அடுத்தது, வலிக்கிறது என்று ஏறுவதையே ஒரேயடியாக விட்டுவிட்டால் தொடைத் தசை இன்னும் மெலியும், பிறகு நாற்காலியிலிருந்து எழுவதே பாடாகும். மருத்துவர் தடுக்காவிட்டால், கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத் தினம் பத்துத் தடவை செய்யலாம். தொழுகையை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும். வீங்கியிருந்தால், இரவிலும் வலித்தால், மருத்துவரைப் பாருங்கள். எங்கள் கடையில் தைலம் கிடைக்கும் என்பதற்காக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சங்கத்துச் சுற்றுலாவில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? 1908இல் கட்டி முடித்தது, 99 தூண், நான்கு நிலை. பிள்ளைகள் உச்சிவரை ஓடினார்கள். பெரியவர்கள் கீழே மர நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அது அரண்மனை, ஒரு நாள் பார்க்காவிட்டால் பரவாயில்லை. இது அவர்களே காசு போட்டு வாங்கிய மன்றம்.

படி வேலை முடிய ஆறு வாரம் ஆகும். அதுவரை மாதக் கூட்டத்தை எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் வைத்துக்கொள்ளத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். வாசலில் 10 சென்டிமீட்டர் கட்டை ஒன்று இருந்தது. அதற்கு 120 சென்டிமீட்டர் நீளத்தில் சரிவு போட்டுவிட்டோம், சக்கர நாற்காலியும் வரும். சிமெண்ட் வாசனை கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு. பொருளாளர் மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் படியை அளந்து பார்க்க வேண்டியவர்கள் அன்று பெயர் கொடுங்கள். டேப்போடு நாங்களே வருகிறோம்.